பொட்டலத்துக்குள் இருந்த பூ

என் ஆத்தா,

நீ போனைப் பட்டுன்னு வச்சதுல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. உன் இடத்துல நான் இருந்திருந்தா வச்சிருக்க மாட்டேன், தூக்கி எறிஞ்சிருப்பேன். அப்பனுக்கு இரைப்பையில புத்துநோய்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து வேலையையும் பாத்துக்கிட்டு, பெங்களூர்ல டாக்டரையும் பிடிச்சு, ரோபோ ஆபரேஷனுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணி வச்சிருக்க ஒரு பிள்ளைகிட்ட, "அதெல்லாம் வேணாம் தாயி, மதுரையிலயே பண்ணிக்கிறேன், நம்ம அய்யனாரே பூக்குடுத்துட்டாரு"ன்னு அப்பன் சொன்னா யாருக்குத்தான் வயிறு எரியாது? அன்னைக்கு நீ கேட்டது இன்னும் காதுக்குள்ளயே நிக்குது. "உசுரைப் பொட்டலம் கட்டியாப்பா போட்டுப் பாக்குறீக?" அதுக்கப்புறம் நீ என்கூடப் பேசலை. உங்கம்மாவுக்கு மட்டும், மருந்து குடிச்சாரா, கஞ்சி குடிச்சாரான்னு மெசேஜ் வருது. அவ அதை எனக்கு வாசிச்சுக் காட்டுறா. உன் குரல் மாதிரியே வாசிக்கப் பாக்குறா, அவளுக்கு வர மாட்டேங்குது.

போன்ல பேசுனா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துலதான் முட்டிக்குது. நான் பாதி சொல்றதுக்குள்ள மீதியை நீ சொல்லிருவே. அது சரியாவும் இருக்காது. அதான் எழுதுறேன். மத்தியானத்துல செக்காலை ரோட்டுச் சத்தம் கொஞ்சம் அடங்கும்ல, அந்த நேரத்துல. ஆபரேஷனுக்கு முன்னால உடம்பைத் தேத்தணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக, அதனால உங்கம்மா நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிக்கிட்டே இருக்கா. சாப்பிட்டதும் கண்ணு சொருகுது. ரெண்டு வரி எழுதுறேன், தூங்கிப்போறேன், முழிச்சா பேனா மடியில கிடக்கு. கோட்டையூர் டவுன் பஸ் ஆரன் கேக்குது. நான்தான் அதை ஓட்டிக்கிட்டுப் போறேன்னு கொஞ்ச நேரம் நினைச்சுக்கிட்டு இருந்துட்டு, அப்புறம்தான் ரிட்டயர் ஆனது ஞாபகம் வருது. அதனால இந்தக் கடுதாசியில எது முழிப்புல எழுதுனது, எது அரைத்தூக்கத்துல எழுதுனதுன்னு பிரிச்சுப் பாக்காதே. எல்லாம் உங்கப்பன்தான்.

உன்கிட்ட சொல்லாத ஒண்ணை முதல்ல சொல்லிர்றேன். இங்க காரைக்குடியில தொண்டை வழியா டியூப் விட்டு வயித்தைப் பாத்தாகல்ல, அன்னைக்கு மயக்க ஊசி போட்டதும் ஒரு கனா வந்துச்சு. நான் பழைய பஸ்ஸை ஓட்டிக்கிட்டுப் போறேன். உள்ள ஆளே இல்ல. ரோடு மெத்து மெத்துன்னு, செம்பருத்திப் பூவோட உள்பக்கம் மாதிரி ஒரு நிறத்துல, ஈரமா, வளைஞ்சு வளைஞ்சு போகுது. இஞ்சின் சத்தம் கிடையாது. நீ எனக்குப் பக்கத்துல இஞ்சின் பானெட்டு மேல உக்காந்திருக்கே, சின்னப் பிள்ளையா, பாவாடையை முழங்காலுக்கு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. ஸ்டீயரிங் தன்னால திரும்புது. நான் கையை எடுத்துட்டேன், அப்பவும் திரும்புது. எனக்குப் பயமே இல்ல, பாத்துக்க, அப்படி ஒரு சுகம். அப்ப நீ என்னைத் திரும்பிப் பாத்து, "யாருப்பா ஓட்டுறா?"ன்னு கேட்டே. பதில் சொல்ல வாயைத் தொறந்தேன், முழிப்பு வந்துருச்சு. டியூப் விட்ட டாக்டரு மூஞ்சி சரியில்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

அந்தக் கனா அதுக்கப்புறமும் வருது. மத்தியானத் தூக்கத்துலதான் வருது. ஒவ்வொரு தடவையும் நீ அதே கேள்வியைக் கேக்குறே, நான் வாயைத் தொறக்குறதோட முடிஞ்சிருது. நீ நெசமாவே சின்னப் பிள்ளையில பள்ளிக்கூட லீவுக்கு என்கூட மதுரை டிரிப்பு வருவேல்ல. அப்ப வேற ஒண்ணு கேப்பே. ரோடு நேராத்தானேப்பா போகுது, எதுக்கு ஸ்டீயரிங்கை ஆட்டிக்கிட்டே இருக்கீகன்னு. நேர் ரோட்டுலயும் வண்டி தன்னால நேராப் போகாது தாயின்னு சொல்லுவேன். உனக்கு அதுல நம்பிக்கை வந்ததே இல்ல. மேலூர் தாண்டுறதுக்குள்ள பானெட்டுச் சூட்டுல தூங்கிப்போயிருவே. ஒரு கையால உன்னைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால ஓட்டுவேன். கண்டக்டரு திட்டுவாரு.

சரி, விசயத்துக்கு வாரேன். மதுரை டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுனப்ப நீயும் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தே. கட்டி இரைப்பையோட கீழ்ப்பக்கம், குடல் ஆரம்பிக்கிற வாய்க்குக் கிட்ட இருக்கு. நல்ல வேளை பரவலை. இரைப்பையில பெரும்பகுதியை எடுத்துட்டு, மிச்சத்தைச் சிறுகுடலோட தைச்சு விடணும். சுத்தி இருக்க நெறிக்கட்டிகளையும் வழிச்சு எடுக்கணும். அதை லேப்ராஸ்கோப்பின்னு, வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஒண்ணுல கேமராவை விட்டு, மத்ததுல நீளக் கம்பி மாதிரி கருவியை விட்டு, டிவியைப் பாத்துக்கிட்டே செய்வாக. கம்பியை இங்குட்டுத் திருப்புனா நுனி அங்குட்டுப் போகுமாம். எனக்கு அது உடனே புரிஞ்சுபோச்சு, கண்ணாடியப் பாத்து பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்குறவனுக்கு அது என்ன பெரிய வித்தை. டாக்டரம்மாவும் சிரிச்சுட்டாக. பழகப் பழக அது கைக்குள்ள போயிரும் அய்யான்னாக. எனக்கு அந்தம்மாவைப் பிடிச்சுப்போனது அந்த இடத்துலதான்.

அப்புறம் நீ வீடியோவுல உன் பெங்களூர் டாக்டரைக் கூட்டியாந்தே. அவரும் தங்கமான மனுசன், அதை நான் மறுக்கலை. நான்தான் முட்டாத்தனமா, மெசினு தன்னால அறுக்குமான்னு கேட்டேன். நீ தலையில அடிச்சுக்கிட்டே. ரோபோ தன்னால ஒண்ணும் செய்யாதுப்பா, டாக்டருதான் அதே ரூம்புல ஒரு பெட்டி முன்னாடி உக்காந்து ஓட்டுவாரு, அவரு கை எப்படி அசையுதோ அப்படி உள்ள இருக்க கையும் அசையும்னு விளக்குனே. அந்தப் படத்தையும் பாத்தேன். மெசின் கைக்கு நம்ம மணிக்கட்டு மாதிரியே மணிக்கட்டு இருக்கு, எப்படி வேணாலும் திரும்புது. நடுக்கம் இல்ல. உள்ள இருக்கதெல்லாம் பெருசா, ஆழம் தெரியுற மாதிரி தெரியுமாம். கணையத்தை ஒட்டி நெறிக்கட்டி எடுக்குறப்ப அது பெரிய ஒத்தாசைன்னாரு. ரத்தமும் கொஞ்சம் கம்மியாத்தான் போகுமாம். ஆனா நேரம் கூட ஆகும், தொட்டா தெரியுற உணர்ச்சி அதுல அவ்வளவா இல்லன்னும் அவரே சொன்னாரு. ரெண்டு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை குறை சொல்லலை. ஒருத்தராச்சும் சொல்லியிருந்தா எனக்கு லேசாப் போயிருக்கும்.

நீ என்ன நினைச்சே, செலவுக்குப் பயந்துக்கிட்டு அப்பன் மறுக்குறான்னு. இல்லாட்டி, பழைய ஆளு, மெசினைக் கண்டா மிரளுறான்னு. ரெண்டும் இல்ல ஆத்தா. டிப்போவுக்குப் பவர் ஸ்டீயரிங் வண்டி வந்தப்ப நான்தான் முதல்ல கேலி பேசுனேன், விரல்ல திரும்புற ஸ்டீயரிங்கை ஆம்பளை ஓட்டுவானான்னு. ஒரு வாரம் ஓட்டுனேன். அப்புறம் பழைய வண்டியைக் குடுத்தப்ப மேனேஜரு ரூம்புல போயி நின்னு சண்டை போட்டதும் நான்தான். தோள்பட்டை வலி போயி ராத்திரி கையைத் தூக்கிப் பல்லு விளக்க முடிஞ்சது அந்த வண்டியாலதான். மெசின் நல்லதுன்னா நல்லதுதான். அதுக்கு நான் எதிரி இல்ல.

அப்ப எதுக்கு மதுரை, மதுரைன்னு ஒத்தக்கால்ல நின்னேன்? நீ கேட்டே, நான் மழுப்புனேன். இப்ப சொல்றேன், சிரிக்காதே. எனக்குப் பயம். மயக்கம் தெளிஞ்சு முழிக்கிறப்ப தெரியாத பாசை காதுல விழுந்தா செத்துத்தான் போயிட்டோமோன்னு நினைச்சிருவேனோன்னு பயம். மதுரைன்னா நான் ஆயுசு பூரா போயிட்டு வந்த ஊரு. நர்சு அதட்டுனாக்கூட நம்ம பாசையில அதட்டும். ஜன்னலுக்கு வெளிய எவனாச்சும் திருப்பத்தூர், காரைக்குடின்னு கூப்பிடுற சத்தம் கேட்டா, சரி, இன்னும் வண்டி இருக்கு, வீட்டுக்குப் போயிரலாம்னு படுத்திருப்பேன். இதுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் கிடையாது. ஒரு பொம்பளைப் பிள்ளைகிட்ட, அதுவும் அம்புட்டு படிச்சு அம்புட்டு விசாரிச்ச பிள்ளைகிட்ட, எனக்குப் பயமா இருக்கு தாயின்னு சொல்ல வாய் வரலை. அதுக்குப் பதிலாத்தான் அய்யனாரைக் கூப்பிட்டேன்.

நம்ம வீட்டுல பெரிய காரியம் எதுக்கும் பூக்கட்டிப் பாக்குறது உனக்குத் தெரியும். நீ பெங்களூருக்கு வேலைக்குப் போறதுக்கும் பாத்துத்தான் அனுப்புனோம், அன்னைக்கு நீ ஒண்ணும் சொல்லலை. உங்கம்மா காலையில குளிச்சுட்டு ரெண்டு வாழையிலைத் துண்டு எடுத்தா. ஒண்ணுல வெள்ளை நந்தியாவட்டை, ஒண்ணுல செவ்வரளி. வெள்ளை வந்தா மதுரை, சிவப்பு வந்தா ரோபோன்னு பேச்சு. உள்ள இருக்கது தெரியாம மடிச்சு, வாழைநாரால கட்டி, மஞ்சப்பையில போட்டுக்கிட்டா. கொத்தமங்கலம் பக்கம் நம்ம கோயிலுக்கு ஆட்டோவுல போனோம். வழியெல்லாம் அவ மஞ்சப்பையை மடியில அணைச்சுக்கிட்டே வந்தா. பெரிய பெரிய வீடெல்லாம் பூட்டிக் கிடக்குற தெருவுல ஆட்டோ போகுது, வெயில் சுவரெல்லாம் வழிஞ்சு கிடக்கு, நான் கண்ணு சொருகிக்கிட்டே வாரேன். கனாவுல போற மாதிரியேதான் இருந்துச்சு. ஸ்டீயரிங் என் கையில இல்ல, அம்புட்டுதான்.

பூசாரி பொட்டலம் ரெண்டையும் அய்யனாரு காலடியில வச்சு, சூடம் காட்டி, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. பிரிச்சேன். வெள்ளை. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு ஆத்தா. கண்ணுல தண்ணி. நான் ஆசைப்பட்டதையே சாமியும் சொல்லிருச்சு, இனி எவன் கேள்வி கேக்குறதுன்னு ஒரு திமிரு. அந்தத் திமிருலதான் கோயில் வாசல்லயே நின்னு உனக்குப் போன் போட்டேன். மீதி உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இனிமேதான். நீ போனை வச்சதும் திரும்பிப் பாத்தா உங்கம்மாவைக் காணோம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே தண்ணியில விட்டுரணும், அது நம்ம வீட்டு வழக்கம். அதை விடத்தான் ஊருணிக்குப் போயிருக்கா. ஆனா மூட்டு வலிக்காரி, படியில இறங்கவே நாலு பேரைத் துணைக்குக் கூப்பிடுறவ, யாரையும் கூப்பிடாம விறுவிறுன்னு இறங்கிக்கிட்டு இருக்கா. விழுந்து வைக்கப் போறாளேன்னு நானும் பின்னாடியே போயி கையைப் பிடிச்சேன். பொட்டலத்தை அம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கா, இலை கிழிஞ்சு போயிருக்கு. கிழிசல் வழியா ஒரு இதழ் தெரியுது. வெள்ளையா.

வாங்கிப் பிரிச்சுப் பாத்தேன். நந்தியாவட்டைதான். மாத்திக் கட்டிட்டியான்னு கேட்டேன். அவ படியிலயே உக்காந்துட்டா.

"மாத்தியெல்லாம் கட்டலை. ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன். இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீக?"

அய்யனாரையே ஏமாத்திட்டியேடின்னு பதறிப்போயி கோயில் பக்கம் திரும்பிப் பாத்தேன். மண்குதிரை ரெண்டும் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. அவருக்குத் தெரியாதா, தெரிஞ்சுதானே சும்மா இருந்தாருன்னு உங்கம்மா சொல்றா. அப்புறம் அவளே மெல்லச் சொன்னா. அவ சொன்னதை அப்படியே எழுதுறேன், ஒரு வார்த்தை கூட்டலை.

"உங்களுக்கு மதுரைதான் மனசுன்னு எனக்குத் தெரியும். சிவப்பு வந்திருந்தா நீங்க புள்ளை சொன்ன இடத்துக்குப் போயிருவீக. போன இடத்துல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நான்தானே கூட்டியாந்தேன், நான்தானே கூட்டியாந்தேன்னு அவ சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருப்பா. நான் ஏற்கெனவே ஒண்ணைச் சுமக்குறேன். அதுகூட இன்னொண்ணு சேந்தா எனக்குக் கனம் தெரியாது. அவளுக்கு அது வேணாங்க."

ஏற்கெனவே ஒண்ணுன்னு அவ சொன்னது என்னன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும், முழுசாத் தெரியாது. உங்கம்மாவோட அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்னைக்கு நான் டூட்டியில இருந்தேன். நீ அப்ப கைப்பிள்ளை. கார்ல ஏத்தியாச்சு, மதுரைக்கா, திருச்சிக்கான்னு டிரைவர் கேட்டிருக்கான். எல்லாரும் அழுதுக்கிட்டு நிக்கிறாக, எவரும் வாயைத் தொறக்கலை. இவதான் திருச்சின்னு சொன்னா. உசுரு திருமயம் தாண்டலை. அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும், திருச்சி பஸ்ஸு வீட்டுக்கு முன்னாடி போறப்பல்லாம் அவ கை ஒரு நொடி நின்னுட்டுத்தான் மறுபடி வேலை செய்யும். அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தாலும் சரி, கோலம் போட்டுக்கிட்டு இருந்தாலும் சரி. "மதுரைக்குப் போயிருந்தா"ன்னு உதடு அசையும். சத்தம் வராது. மதுரைக்குப் போயிருந்தா மேலூரு தாண்டியிருக்குமா? யாருக்குத் தெரியும்? டாக்டருமாரெல்லாம் எங்க போயிருந்தாலும் முடிஞ்சிருக்கும்னுதான் சொன்னாக. அவ மனசு கேக்கலை. அன்னைக்குச் சொல்லாம விட்ட அந்த ஒரு வார்த்தைக்கே தாலி கட்டிக்கிட்ட மாதிரி வாழ்ந்துட்டா.

ஊருணிப் படியில உக்காந்து அவ அழுததைப் பாத்தப்பதான் எனக்கு உறைச்சுச்சு. நீ என்னடான்னா அப்பனுக்கு எதையோ குறை வச்சுட்டோம்னு பின்னால ஆயிறக் கூடாதுன்னு ரோபோ ரோபோன்னு நிக்கிறே. அவ என்னடான்னா உனக்குப் பாரம் வந்துறக் கூடாதுன்னு சாமி பொட்டலத்துலயே கை வைக்கிறா. ரெண்டு பொம்பளைகளும் மூட்டையை நான் தூக்குறேன், நான் தூக்குறேன்னு இழுத்துக்கிட்டு நிக்கிறீக. மூட்டைக்குச் சொந்தக்காரன் நானு, சாமி தலையில வச்சுட்டு ஆட்டோவுல தூங்கிக்கிட்டு வந்திருக்கேன். எனக்கு வெக்கமாப் போச்சு. அந்த ரெண்டாவது பொட்டலத்தை நானே தண்ணியில விட்டேன். அது முங்காம கொஞ்ச தூரம் மிதந்துக்கிட்டே போச்சு.

மறுவாரம் உங்கம்மாகிட்டக்கூடச் சரியாச் சொல்லாம மதுரைக்குப் பஸ் ஏறி, டாக்டரம்மாவைத் தனியாப் பாத்தேன். நோயைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. உங்ககிட்டப் பண்ணிக்கிட்டு எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ரோபோவுல பண்ணியிருந்தாப் பிழைச்சிருப்பாருன்னு என் மக நினைப்பா, அவ நினைக்கிறது நெசமா இருக்குமான்னு கேட்டேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டுச் சொன்னாக. ரெண்டுலயும் உள்ள நடக்குற வேலை ஒண்ணுதான், எடுக்குறதும் ஒண்ணு, தைக்கிறதும் ஒண்ணு. ரோபோவுல சில சௌகரியம் உண்டு, அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல பண்ணவுக இதுல பண்ணவுகளைவிடக் கூட நாள் இருக்காகன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிச்சுக் காட்டலை. கருவியைவிட அதைப் பிடிக்கிற கைக்கு எம்புட்டுப் பழக்கம்ங்கிறதுதான் பெருசுன்னாக. எனக்கு ரோபோவுல பழக்கம் இல்ல, இதுல இருக்கு, உங்க பெங்களூர் டாக்டருக்கு அதுல இருக்கு, அவருகிட்டப் போனாலும் நான் சந்தோசமா அனுப்பி வைப்பேன்னாக. உள்ள போயிப் பாத்து ஓட்டை வழியாச் சரிவராதுன்னா வயித்தைத் தொறந்துதான் செய்யணும், அதுக்கும் சம்மதமான்னு கேட்டாக. சம்மதம்னேன். கடைசியா ஒண்ணு சொன்னாக. "நீங்க கேட்டதுக்குப் பதில் யார்கிட்டயும் கிடையாது அய்யா. ரெண்டுல ஒண்ணுலதான் போக முடியும்."

திரும்பி வர்றப்ப ஜன்னலோரம் உக்காந்து வந்தேன். பயணியா வந்தா ரோடே வேற மாதிரி இருக்கு தாயி, மரமெல்லாம் என்னைப் பாத்து அடையாளம் தெரியாத மாதிரி போகுது. அப்ப ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்துச்சு. வண்டி ரோட்டுல நின்னுபோச்சுன்னு வையி, உள்ள கட்டாயம் ஒரு ஆளு இருப்பான், முந்தின பஸ்ஸுல போயிருந்தா இந்நேரம் வீட்டுல இருப்பேன்னு புலம்புறதுக்குன்னே. ஒரு தடவை திருப்பத்தூரு தாண்டி பெல்ட் அறுந்து நின்னுட்டேன். ஒருத்தரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இதையே சொல்லிச் சொல்லி என் உசுரை வாங்கிட்டாரு. ஒரு வழியா சரிபண்ணிக் கிளம்பி, கொஞ்ச தூரம் போனா, அவரு சொன்ன முந்தின பஸ்ஸு டயரு வெடிச்சுப் புளியமரத்தடியில நிக்குது. சனமெல்லாம் ரோட்டுல உக்காந்திருக்கு. வண்டியை ஓரங்கட்டி அவுகளையும் ஏத்திக்கிட்டோம். அந்த மனுசன் காரைக்குடி வர்ற வரைக்கும் வாயைத் தொறக்கலை. எல்லாருக்கும் அப்படி அந்த முந்தின பஸ்ஸைக் கண்ணால பாக்குற கொடுப்பினை வாய்க்காது ஆத்தா. பாக்காததுனாலதான் அது எந்தச் சேதாரமும் இல்லாம, ஜம்முன்னு போயிச் சேந்துட்ட மாதிரி மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. உங்கம்மாவோட மதுரைக் காரும் அப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு, இம்புட்டு வருசமா.

அதனால கேட்டுக்க. வர்ற வியாழக்கிழமை மதுரையில, அந்த டாக்டரம்மாகிட்ட, லேப்ராஸ்கோப்பியில பண்ணிக்கிறேன். இதை அய்யனாரு சொல்லலை, அவரை நாங்க கேக்கவே இல்ல. உங்கம்மா சொல்லலை, அவ பூவைத்தான் கட்டுனா. நீ வேணாம்னுதான் சொன்னே, அதுவும் எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நீ சொன்னது தப்பும் இல்ல. நீ பிடிச்ச டாக்டரும் நல்லவரு, அந்த மெசினும் நல்ல மெசினு. ரெண்டு நல்ல ரோடு இருந்துச்சு, எனக்குக் கை பழகுன ரோட்டுல நான் போறேன். பாதிக் காரணம் டாக்டரம்மாவோட கை. மீதிக் காரணம் என் பயம். கனாவுல கேட்டேல்ல, யாரு ஓட்டுறான்னு. நான்தான் தாயி ஓட்டுறேன். நேர் ரோட்டுலயும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

நீ பொறந்ததுலேர்ந்து உன்கிட்ட நான் கட்டளைன்னு ஒண்ணும் போட்டதில்ல, உங்கம்மாதான் எல்லாம். இப்ப ஒண்ணு போடுறேன். எது நடந்தாலும் சரி, நான் எந்திரிச்சு வந்து கொஞ்சூண்டு கொஞ்சூண்டா இட்லி தின்னுக்கிட்டு உன்கூடச் சண்டை போட்டாலும் சரி, வராமப் போனாலும் சரி, ரோபோவுல பண்ணியிருந்தாங்கிற வார்த்தை உன் வாயில வரக் கூடாது. மனசுல வந்தா, வரும், வராம இருக்காது, இந்தக் கடுதாசியை எடுத்து ஒரு தடவை படிச்சுட்டு வேலையைப் பாரு. உனக்குப் புருசன் வருவான், பிள்ளை வரும், நீயும் பல இடத்துல ரெண்டுல ஒண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும். விசாரி, அழு, சண்டை போடு, அப்புறம் ஒண்ணைச் சொல்லு. சொன்ன பிறகு சொல்லாததுக்குத் தாலி கட்டிக்காதே. உங்கம்மா கஷ்டப்பட்டது போதும்.

வியாழக்கிழமை வந்துரு. கோவத்தோடயே வா, பரவாயில்ல. பேசாமக்கூட இரு. முழிக்கிறப்ப நம்ம பாசை காதுல விழணும், அது உன் குரலா இருந்தா, நர்சு அதட்டுறதைவிட நல்லா இருக்கும். உங்கம்மாவுக்கும் நீ வந்தாத்தான் சோறு இறங்கும். பூ சமாச்சாரம் உனக்குத் தெரியும்னு அவகிட்டக் காட்டிக்காதே, கூச்சப்படுவா.

இந்தக் கடுதாசியோட ஒரு வாழையிலைப் பொட்டலம் வச்சிருக்கேன். உன் கைக்கு வர்றப்ப வாடிப்போயிருக்கும். நான் கட்டுனது, உங்கம்மாவை இதைத் தொட விடலை. நாரு முடிச்சு கோணலா இருக்கும், டிரைவரு கட்டுனா அப்படித்தான். இதைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு, உங்கப்பனுக்கு எது சரின்னு நீ நெசமா நினைக்கிறியோ அதை நினைச்சுக்க. மதுரைன்னா வெள்ளை, ரோபோன்னா சிவப்பு. எனக்காகன்னு மாத்தி நினைக்காதே. நினைச்சாச்சா? இப்பப் பிரி.

உள்ள வெள்ளையும் இருக்கும், சிவப்பும் இருக்கும். நீ எதை நினைச்சிருந்தாலும் உனக்கு அது வந்துருச்சு, ஆத்தா.

உன் அப்பா